கதிரைக்கு ஒருவரும் எழும்பவில்லை

வாய் சும்மா இராதவள் என்று எனக்கு ஊரிலேயே பெயர். கொழும்பில் தட்டெழுத்தாளராக வேலை பார்த்த காலத்தில், அலுவலகப் பெரியவர் சொல்லச்சொல்ல அடிக்கும் கடிதத்தில் பிழை கண்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். கல்யாணமாகி மெல்பேர்னுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. கடையில் வரிசைக்குள் புகுந்தவனையும், என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தவளையும் நான் சும்மா விட்டதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயடைத்துப் போனேன். அது என் சொந்த விஷயம்கூட இல்லை, பக்கத்து வீட்டு விஷயம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நோபல் பார்க்கில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் வேலிக்கு அந்தப் பக்கம் வேல்ஸ் நாட்டுத் தம்பதி இருந்தார்கள். அவர் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மரத்தில் அச்சு செய்பவர். நெட்டையான மனிதர், குரல் மட்டும் இன்னும் நெட்டை. அவருடைய மனைவி எனக்கு நேர் எதிர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தையும் ஒரு சிரிப்பும் தருவாள். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று என் கணவர் அடிக்கடி கேட்பார். அவள் கேட்பதற்குப் பிறந்தவள், நான் பேசுவதற்குப் பிறந்தவள், வேறென்ன வேண்டும் என்பேன்.

அவர்கள் என்னோடு பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருஷம் மனத்துக்குள் கிடந்ததில் அது எங்களூர்த் தமிழாகவே மாறிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், வேல்ஸ்காரர்கள் மன்னிக்கட்டும்.

டண்டினோங் பக்கம் அப்போது இருபது முப்பது வேல்ஸ் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு ஒரு பாட்டுக்குழு இருந்தது, மாதத்துக்கு ஒரு தேநீர் விருந்து இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. "பாடுறதும் தின்னுறதும் ஆடுமாடும் செய்யும். எங்கடை ஊரிலை புலவனுக்குக் கதிரை குடுப்பினம்" என்பார். அவருடைய நாட்டில் பழங்காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. ஊர்ப் புலவர்கள் ஒரே பொருளில் கவிதை எழுதுவார்கள். யாரும் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது, புனைபெயர்தான். விழாவன்று நடுவர் மேடையேறி வென்றவரின் புனைபெயரைச் சொல்வார். எக்காளம் ஊதும். அதுவரை கூட்டத்துக்குள் ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்த ஒருவர் எழும்பி நிற்பார். அப்போதுதான் ஊருக்கே தெரியும், எழுதியது யாரென்று. அவரை மேடைக்கு அழைத்துப்போய், பாதி உருவிய வாளை மேலே பிடித்து, "சமாதானம் உண்டோ?" என்று மூன்று தரம் கேட்பார்கள். கூட்டம் "சமாதானம்!" என்று மூன்று தரம் கத்தும். பிறகு கதிரையில் இருத்துவார்கள். கதிரை அவருக்கே சொந்தம்.

இதை இங்கே, சாரணர் மண்டபத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் மீண்டும் நடத்திக் காட்ட வேண்டும் என்று அவருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. வீட்டின் முன்னறையில் கிழமைக்கு ஒருநாள் யாப்பு வகுப்பு வைத்தார். நாலைந்து ஆண்கள் வருவார்கள். இரவு உணவு நேரத்தில் அவர் மேசையில் விரலால் தாளம் தட்டிக் கத்துவது எங்கள் குசினிவரை கேட்கும். பின்வளவுக் கொட்டிலில் தன் கையாலேயே கதிரையைச் செய்தார். டாஸ்மேனியாக் கறுப்பு மரம். முதுகு சாயும் பலகையில் அவர்கள் நாட்டுக் கொடியிலிருக்கும் பறக்கும் நாகம் ஒன்றைச் செதுக்கினார். எனக்கு அது உடும்பு மாதிரித்தான் இருந்தது. சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

"தகுதியான பாட்டு வராட்டி?" என்று ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டேன்.

"வராட்டி ஒருத்தருக்கும் இல்லை. கதிரை வெறுமையா இருக்கும். அதிலை வெட்கமில்லை, அதுதான் பாட்டுக்குச் செய்யிற மரியாதை. பாவம் பார்த்துக் குடுத்தா அது கதிரையில்லை, வெறும் பலகை."

இதைச் சொன்னபோது அவர் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை நட்டாகிவிட்டது. அதுதான் இந்தக் கதையின் முள். விழா முடிந்ததும் அவர்கள் ஊருக்கே திரும்பிப் போவதாக அவர் முடிவு செய்திருந்தார். ஒரு கதிரையைக் கொடுத்துவிட்டு, ஒரு வழக்கத்தை நட்டுவிட்டுப் போகிறேன் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். நடுவரும் அவர்தான். விழாவுக்கு அவர் கொடுத்த பொருளும் அதுவே: வீடு திரும்புதல்.

அவளுக்குப் போக விருப்பமில்லை. அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை இருந்தது. இங்கே வந்த அடுத்த வருஷம், பள்ளிக்கூடம் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒரு போத்தல் தண்ணீரும் புல் வெட்டும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மயானத்துக்குப் போவாள். சில வாரங்களில் நானும் போயிருக்கிறேன். கல்லைச் சுற்றிப் புல்லை வெட்டிவிட்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்புவாள். அழுது நான் பார்த்ததில்லை. அவர் ஒருநாளும் வந்ததில்லை. அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை என்று அவள் சொன்னாள்.

"போக விருப்பமில்லையெண்டு அவரிட்டை நீங்களே சொல்லுங்கோவன்" என்றேன்.

"சொன்னனான். அவர் எழும்பிக் கொட்டிலுக்குப் போயிட்டார். திரும்பவும் சொன்னனான். திரும்பவும் போயிட்டார்."

எனக்குக் கோபம் வந்தது. நான் போய்ச் சொல்லவா என்று கேட்டேன். உண்மையாகவே போயிருப்பேன். அவள் என் கையைப் பிடித்து, வேறொரு உதவி வேண்டும் என்றாள். என்னிடமிருந்த தட்டெழுத்து இயந்திரத்தில் ஒரு கவிதையை அடித்துத் தர வேண்டும். அவள் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளும் எழுதுவாள் என்று. சின்ன வயதில் தன் ஊர்ப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். கல்யாணத்தன்று அவர் எல்லார் முன்னாலும் "ஒரு வீட்டுக்கு ஒரு புலவர் போதும்" என்று பகிடி விட்டாராம். எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். பிறகு எழுதவில்லை.

ஒரு வேலைநாள் மத்தியானம் எங்கள் குசினி மேசையில் அதை அடித்தோம். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அவள் எழுத்து எழுத்தாகச் சொன்னாள், நான் அடித்தேன். நாலு வரி போனதும் கேட்டேன், ஏன் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருகிறதென்று. வரியின் முதற்பாதியில் வரும் மெய்கள் அதே ஒழுங்கில் மறுபாதியிலும் வர வேண்டும் என்று விளக்கினாள். எங்கள் எதுகை மோனையை எடுத்துப் பத்து மடங்கு பிடிவாதம் ஏற்றினால் அதுதான். எங்களிடமும் இப்படி உண்டு என்று, பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய வெண்பா ஒன்றைச் சொல்லிக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ஒரு விரலால் மேசையில் தட்டினாள். தட்ட வேண்டிய இடத்தில் சரியாகத் தட்டினாள்.

"என்ன எழுதியிருக்கிறீங்கள்?"

"ஒரு ஆட்காட்டிக் குருவி."

இங்கே அந்தக் குருவியைத் தெரியாதவர்கள் இல்லை. விளையாட்டு மைதானத்தில் வெறுந்தரையில் முட்டையிட்டுவிட்டு, கிட்டப் போகிறவன் தலையில் கொத்த வரும். அவள் கவிதையில் குளிர்காலம் வருகிறது, மற்றப் பறவைகளெல்லாம் வீடு திரும்புகின்றன, ஆட்காட்டி மட்டும் போகவில்லை. முட்டை இருந்த இடத்துக்குமேல் நின்றுகொண்டிருக்கிறது. முட்டை இல்லை. ஆனாலும் நிற்கிறது. அவ்வளவுதான் கவிதை. நான் எழும்பித் தேத்தண்ணி போட்டேன்.

"ஏன் இப்பிடிச் சுத்தி வளைக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

அவள் அன்று பேசியதுதான் நான் கேட்ட மிக நீண்ட பேச்சு. "நான் சொன்னா அவர் கேக்கமாட்டார். பாட்டு எண்டாக் கேப்பார். எழுதினது ஆரெண்டு தெரியாமல் முதல்லை பாட்டுக்கு ஓம் சொல்லட்டும். எல்லார் முன்னாலையும் பெயரைக் கூப்பிடட்டும். நான் எழும்பி நிப்பன். பாட்டுக்கு ஓம் சொன்ன மனிசன் பிறகு எனக்கு இல்லையெண்டு சொல்ல ஏலாது."

அவர் எப்படிப்பட்டவர் என்பதை அவள் சரியாகத்தான் கணித்திருந்தாள். பாட்டுக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறமாட்டார். எனக்கு அந்த யோசனை நன்றாகவே பட்டது. புனைபெயர் என்ன போடட்டும் என்று கேட்டேன். 'அயல்வீட்டுக்காரி' என்று தன் மொழியில் சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதையும் அடித்தேன். யாரிடமும், அவர் கேட்டாலும், சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டாள்.

விழாவுக்குத் தெருவிலிருந்த எல்லாரையும் அழைத்திருந்தார், கூட்டம் நிறைய வேண்டும் என்று. "சமாதானம்" என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லை வேலிக்கு மேலால் எங்களுக்கும் சொல்லித் தந்திருந்தார். தொண்டையைச் செருமுவதுபோல் முடியும் சொல். என் கணவர் குளிக்கும்போதெல்லாம் அதைக் கத்திப் பழகினார். மண்டபத்தில் சாரணரின் முடிச்சுப் பலகைகளுக்கு நடுவே கதிரை மேடையில் நின்றது. வெள்ளிப் பெயின்ற் அடித்த மரவாள் ஒன்று. எக்காளத்துக்குப் பதிலாக உள்ளூர் பாண்ட் குழுவிலிருந்து ஒரு கோர்னற் வாசிப்பவர். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ரயில் போகும்போது எல்லாம் நிற்கும், பிறகு தொடரும்.

அவளுக்குத் தேநீர்ப் பொறுப்பு. காலை முழுக்க ஏப்ரனோடு பின்னறையில் சாண்ட்விச் அடுக்கினாள். கதிரைக்கான நேரம் வந்ததும் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்து, எனக்குப் பக்கத்தில், ஓரத்து இருக்கையில் அமர்ந்தாள். நீலச் சட்டை. எழும்புவதற்கு வசதியாகக் கைப்பையைக் கீழே வைத்தாள். அதை நான் பார்த்தேன்.

அவர் மேடையேறி முதலில் தன் மொழியில் பேசினார். ஒவ்வொரு புனைபெயராகச் சொல்லிக் குறைநிறை கூறினார். மூன்றாவதோ நாலாவதோ 'அயல்வீட்டுக்காரி'. பிறகு நிறுத்தி, நாலு வரிகளைச் சொன்னார். எழுத்து எழுத்தாக அடித்தவளுக்குச் சத்தம் மறக்குமா? ஆட்காட்டியின் வரிகள்தான். அந்தக் குரலில் கேட்டபோதுதான் எனக்கே அது எவ்வளவு நல்ல கவிதை என்று தெரிந்தது. அவர் கையில் தாள் இருந்தது, ஆனால் தாளை அவர் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை. வென்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அவள் முழங்காலைத் தொட்டேன்.

முழங்கால் கல்லாக இருந்தது. அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கவில்லை, அவளுக்கு விளங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நான் செய்தியைத் தெரிந்துகொண்டேன்.

பிறகு எங்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னார். "கெட்டிக்காரக் கை. இஞ்சை வந்ததிலை இதைவிட நல்ல கட்டு இல்லை. ஆனா நான் கேட்டது வீடு திரும்புறதைப் பற்றி. இந்தக் குருவி திரும்பேல்லை. பொருள் தப்பின பாட்டுக்குக் கதிரை குடுக்க எனக்கு அதிகாரமில்லை. மற்றதுகள் தரத்துக்கு வரேல்லை. அதனாலை இந்த வருஷம் கதிரை ஒருத்தருக்கும் இல்லை."

கோர்னற்காரர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு முழித்தார். என் கணவர் என் காதுக்குள், "என்னப்பா, எப்ப கத்திறது?" என்றார். அந்தக் குருவி ஏன் திரும்பவில்லை என்று கேளும் ஐயா, கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. என் சேலைத் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டாள், பிள்ளைகள் சனக்கூட்டத்தில் பிடிப்பதுபோல. நான் என்ன செய்ய? இருந்தேன். எழும்ப வேண்டியவளே எழும்பாதபோது நான் எந்த முறையில் எழும்புவது?

கொஞ்ச நேரத்தில் அவள் எழும்பினாள். பின்னறைக்குப் போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். அவருக்கும் ஊற்றினாள். சீனி போட்டுக் கலக்கியும் கொடுத்தாள்.

வீடு விற்றுப்போயிற்று. பெட்டிகள் கட்டினார்கள். நான் தினமும் வேலிக்கருகில் போய் நின்று என்னென்னவோ பேசினேன், ஒன்றும் பிரயோசனமில்லை. "அவரிட்டை இப்பவாவது சொல்லுங்கோ, எழுதினது நீங்கள்தான் எண்டு" என்று கெஞ்சினேன். "தோத்த பாட்டுக்குப் பெயர் சொல்லுறதில்லை. அதுதான் வழக்கம்" என்றாள். வழக்கமாம். அந்த வழக்கத்தைத் தூக்கி ரயில் பாதையில் போட வேண்டும் போலிருந்தது எனக்கு.

அவர்கள் புறப்படும் நாள் காலை நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கதிரையைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் பின்வளவுக்கு வந்தார். விமானத்தில் கொண்டுபோக முடியாது, பாட்டுக்குழுவினருக்கு அதை வைக்க இடமில்லை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இறக்கி வைத்தவர் போகவில்லை. உடும்பின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"உங்கடை மெசினிலைதானே அடிச்சது?"

நான் கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறினேன்.

"சொல்ல வேண்டாம். கண்டுபிடிக்க எனக்கு மெசின் தேவையில்லை. ரெண்டாவது வரியிலையே தெரிஞ்சுபோச்சு. உடுப்பு மினுக்கேக்கை அவள் வாய்க்குள்ளை முணுமுணுக்கிற தாளம் அது. இத்தனை வருஷம் பக்கத்து அறையிலை இருந்து கேட்டனான், எனக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சுகொண்டோ?" என்றேன். "தெரிஞ்சுகொண்டோ குடுக்கேல்லை?"

"குடுத்திருந்தா அவள் எழும்பியிருப்பாள். எழும்பியிருந்தா நான் இஞ்சை இருக்க வேணும்." அவர் கதிரையையே பார்த்தார். "வேலைக்குப் போற நேர்ப் பாதையிலைதான் அந்த மயானம். நான் ஒருநாளும் அதாலை போறதில்லை. ஒவ்வொரு நாளும் சுத்திப் போறன், வரேக்கையும் சுத்தி வாறன். எனக்கு ஏலாது, மிஸிஸ். அவளுக்கு அங்கை போகாமல் இருக்க ஏலாது. எனக்கு அங்கை போக ஏலாது. ரெண்டு பேரிலை ஒராள்தான் வெல்லலாம்."

அந்தப் பெரிய மனிதர் அப்படி நின்றதைப் பார்த்தபோது, இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபம் இருந்தது, ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் டாக்ஸி வந்தது. ஓடிப்போனேன். அவர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள், அவர்கள் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை. புல் வெட்டும் கத்தரிக்கோலை ஒரு துணியில் சுற்றி என் கையில் வைத்தாள். என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு என் காதுக்கருகே குனிந்தாள். "ஒரு ஆறுதல் மட்டும் இருக்கு. அவருக்குத் தெரியாது, அது நான் எண்டு. தெரிஞ்சிருந்தா என்னை இஞ்சையிருந்து கூட்டிக்கொண்டு போக அவருக்கு மனம் வந்திராது. அதை நினைச்சுக்கொண்டு போறன்."

டாக்ஸிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் எப்போதும் ஏதாவது சொல்கிறவள்தானே.

"ஓம்" என்றேன். "அவருக்குத் தெரியாது."